பட்ட நூலும் பெயின்ற் தகரமும்

மார்கழி பிறந்ததும் வல்வெட்டித்துறையில் இருவகை வாணிகம் ஒருங்கே சூடு பிடிக்கும். ஒன்று பட்ட வாணிகம். தைப்பொங்கலன்று மாலை கடற்கரையில் நடைபெறும் வினோத விசித்திரப் பட்டப் போட்டியைக் காண யாழ்ப்பாணக் குடாநாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் மக்கள் வந்து திரள்வர். அதற்கு முன்னோடியாக, மூங்கிலும் வண்ணத்தாளும் நூற்கட்டையும் விண் பூட்டும் நாடாவும் விற்கும் சிறு கடைகள் சந்திக்குச் சந்தி தோன்றும். மற்றையது வீட்டு வாணிகம். பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்து, கதவுக்கு வர்ணம் பூசி, மாரியிற் கழன்ற ஓட்டை மாற்றி, படலையைச் சீர்செய்தல் நம்மவர் வழக்கம். ஆதலின் சீமெந்து, பெயின்ற், ஆணி, குழாய் விற்கும் கடைகளிலும் அம்மாதத்தில் ஆள் குறைவதில்லை.

இவ்விரு கடைகளிலும் பொருள் வாங்குவோரைச் சென்ற சில ஆண்டுகளாகக் கூர்ந்து நோக்கி வருகிறேன். பட்டக் கடைக்கு வருபவன் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். அவன் மூங்கிலை வளைத்துப் பார்க்கிறான். கணு எங்கே இருக்கிறதென்று விரலால் தடவுகிறான். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டையுண்டோ என்று ஆராய்கிறான். நூலில் ஒரு முழம் இழுத்து இரு கைகளாலும் அறுத்துப் பார்க்கிறான். பிடிக்காவிட்டால், 'வேண்டாம் அண்ணை' என்று சொல்லி அடுத்த கடைக்கு நடக்கிறான். அவன் கையிலிருப்பது சில நூறு ரூபா.

வீட்டுப்பொருட் கடைக்கு வருபவர் வளர்ந்தவர்; சிலர் என்னைப்போல் ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர்கள். அவர்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசி. அதிலே மேசன் எழுதிக் கொடுத்த பட்டியல். கடைக்காரர் பட்டியலை வாங்குகிறார், பொருள்கள் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறுகின்றன, பணம் கைமாறுகிறது. எதையும் எவரும் திறந்து பார்ப்பதில்லை, அளந்து பார்ப்பதில்லை, சிட்டை கேட்பதுமில்லை. கொடுக்கப்பட்டதோ சில இலட்சம் ரூபா.

சிறுவன் சில நூறு ரூபாவுக்குக் காட்டும் விழிப்பை மூத்தோர் வாழ்நாட் சேமிப்புக்குக் காட்டாதிருப்பது எதனால்? இந்தக் கேள்வியே இக்கட்டுரையின் பொருள். இதனை நான் கேட்பதற்கு என் சொந்த வீட்டுக் கூரையும் ஒரு காரணம்.

ஒரு மாரிக்கு நில்லாத தகரம்

2023 ஆம் ஆண்டு ஐப்பசியில், மழை தொடங்குமுன், எங்கள் வீட்டின் பின்னறைப் பிளாற்றில் ஒழுக்கு இருப்பதைக் கண்டு, வடமராட்சியிலுள்ள ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் ஒருகால் என் மாணவரின் வகுப்புத் தோழராக இருந்தவர். ஒழுக்கை நிறுத்த ஏதாவது பூச்சு உண்டா என்று கேட்டேன். 'இதைப் பூசுங்கோ, மாஸ்ரர். ஐஞ்சு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டியள்' என்று ஒரு பெரிய தகரத்தை எடுத்துத் தந்தார். சிட்டை எழுதினால் வரியும் சேரும் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. மறுநாளே ஆள் பிடித்துப் பூசுவித்தேன். கார்த்திகை நடுவில் அந்தப் பூச்சு பாம்பு சட்டை உரித்ததுபோல் உரிந்து வந்தது. மார்கழியில் ஒருநாட் காலை, எண்பது வயதைக் கடந்த என் தமக்கையார் படுக்கும் கட்டிலின் தலைமாட்டில், தேங்காய்ப் பாதியளவு கொங்கிறீற்று உடைந்து விழுந்தது. அவர் அப்பொழுது அடுக்களையில் இருந்தார். அவர் சற்று நேரங்கழித்து எழுந்திருப்பாராயின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் என் கை நடுங்குகிறது.

தை பிறந்து பல நாள் கழித்தே கடைக்குச் சென்றேன்.

"தம்பி, நீர் தந்த சாமான் ஒரு மாரிக்கே நிக்கேல்லையே" என்றேன்.

"குறை நினையாதேங்கோ, மாஸ்ரர். கொம்பனிக்காரன் சொன்னதைத்தான் நானும் உங்களுக்குச் சொன்னனான். ரின்னை உடைச்சுப் பாத்தே நான் விக்கிறது? சிட்டை கிடந்தால் கொண்டாங்கோ, அவங்களோடை கதைச்சுப் பாக்கலாம்."

"சிட்டை போட்டால் வரி சேருமெண்டு நீர்தானே சொன்னனீர்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னர் மேசையின் கீழிருந்து நீண்டதொரு கொப்பியை எடுத்து என் முன் விரித்தார். "இதையும் ஒருக்காப் பாருங்கோ. இவ்வளவு பேரும் எனக்குத் தரவேணும். நான் ஆரிட்டைப் போய் முறையிடுறது?"

வீடு திரும்பிய பின்னரே தகரத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிலிருந்த நுண்ணெழுத்தை வாசித்தேன். நீர் தேங்கும் இடத்துக்கு அப்பூச்சு ஏற்றதன்று என்றும், பூசுமுன் தளம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும் என்றும், முதலில் அடிப்பூச்சு ஒன்று இட வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தமிழில் ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலம் படிப்பித்தவன் நான், வாங்கும்போது வாசிக்கவில்லை. விற்றவரும் வாசிக்கவில்லை. பூசியவருக்கு வாசிக்க இயலவில்லை. ஆகவே இங்கே ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் நீதியாகாது. மூவரும் அறியாதிருந்தோம், அந்த அறியாமையின் விலையைச் செலுத்தியவர் மட்டும் ஒருவர்.

அறியாமையின் சந்தை

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 ஆம் ஆண்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய மோட்டார் வாகனச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டது அது. நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையையே கொடுக்க முன்வருவான். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க எவரும் விரும்பார். நாளடைவில் நல்லவை சந்தையை விட்டு நீங்க, பழுதானவையே எஞ்சும். இக்கருத்துக்காகவே 2001 ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம் ஊர்க் கடைகளில் இதனை நாள்தோறும் காணலாம். நல்ல ஆணியும் மட்டமான ஆணியும் பார்வைக்கு ஒன்றே. தடித்த குழாயும் மெலிந்த குழாயும் சாம்பல் நிறமே. நல்ல சரக்கை இறக்கும் கடைக்காரர் கூடிய விலை சொன்னால், 'பக்கத்துக் கடையில் குறைவு' என்று வாங்குவோர் திரும்புகின்றனர். இரண்டொரு முறை இழப்படைந்தபின் அவரும் மலிந்த சரக்கையே இறக்கக் கற்றுக்கொள்கிறார். இங்கே வாணிகன் கெட்டவனாகப் பிறக்கவில்லை. ஆராயத் தெரியாத வாடிக்கையாளர் அவனைப் படிப்படியாக அந்நிலைக்குத் தள்ளுகின்றனர்.

பட்டக் கடையில் இது நிகழாமைக்குக் காரணம் தெளிவு. பையனுக்குப் பொருளைச் சோதிக்கத் தெரியும். அன்று மாலையே நூலின் குணம் வானத்தில் வெளிப்பட்டுவிடும். அறுந்த நூல் எந்தக் கடையில் வாங்கியது என்பது பொழுதுபடுமுன் கடற்கரை முழுவதும் தெரிந்துவிடும். சோதனை, விரைந்த விளைவு, ஊர்ப்பேச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தச் சிறு வாணிகத்தை நேர்மையாக வைத்திருக்கின்றன. சீமெந்தின் குணமோ பத்தாண்டு கழித்தே தெரியவரும். அதற்குள் கடையின் பெயரும் மறந்துபோம்.

வல்வெட்டித்துறை எக்காலத்தும் இப்படி இருந்ததில்லை. இது கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அத்தகைய கலத்துக்கு மரம் தெரிந்தெடுத்த ஓடாவி, பலகையைத் தட்டி ஓசையால் அதன் உள்ளுறுதியை அறிந்தான். பிழையான மரத்தை ஏற்றுக்கொண்டால் அதன் பயனை நடுக்கடலில் அனுபவிப்பவர் அவன் மைத்துனனும் மருமகனுமாக இருப்பர். இந்தியக் கரையிலிருந்து ஓட்டையும் பர்மாவிலிருந்து அரிசியையும் ஏற்றி வந்த நம் தோணிக்காரரும் சரக்கைத் தொட்டு, முகர்ந்து, எண்ணி இறக்கியவர்களே. பொருளை ஆராயும் கலை இவ்வூரின் முதுசொம். அது பையன்களின் பட்டத்தில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

பஞ்சம் கற்பித்த பணிவு

இக்கலை எப்பொழுது கைநழுவியது? யாழ்ப்பாணத்தார் எவரும் எளிதில் விடை கூறுவர். 1990 ஆம் ஆண்டு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டில் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் சீமெந்தும் ஒரு தடைப்பொருள். குண்டுபட்ட சுவரைக் களிமண்ணாற் பூசி, உடைந்த கூரைக்குக் கிடுகும் பனையோலையும் போட்டு ஒரு தலைமுறை வாழ்ந்தது. 2002 ஆம் ஆண்டு ஏ9 பாதை திறந்தபோது சரக்கு வந்தது; 2006 ஆகஸ்ட் மாதம் பாதை அடைபட்டபோது மீண்டும் நின்றது. அந்த ஆண்டுகளில் கடைக்குச் சென்றவன், 'இது நல்லதா?' என்று கேட்டதில்லை. 'இருக்கிறதா?' என்றே கேட்டான். இருந்தால் வாங்கினான், வாங்கியதற்கு நன்றியும் கூறினான்.

2009 க்குப் பின் சரக்கு பெருகியது. ஆனால் நின்ற நிலை மாறவில்லை. கடைமேசையின் முன் நாம் இன்றும் நிவாரணம் பெறவந்தவர்போலவே நிற்கிறோம். 2022 ஆம் ஆண்டு அப்பழக்கத்தை மீண்டும் உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. 2021 இல் ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த 50 கிலோக்கிராம் சீமெந்துப் பையின் விலை 2022 இல் மூவாயிரம் ரூபாவை அண்டியது. பின்னர் இறங்கியதாயினும் பழைய இடத்துக்கு வரவில்லை. 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2022 இல் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் உயர்ந்து, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. இத்தனைக்கும் இடையில் கட்டிய அத்திவாரத்தை அரைகுறையாய் விட முடியாதவன் எதைத்தான் கேட்பான்?

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஊரின் பாதி இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிறது. வீட்டைத் திருத்தப் பணம் அனுப்புபவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர், பட்டியல் எழுதும் மேசன் மூன்றாமவர். சில இடங்களில் மேசனுக்குக் கடை ஒரு கொமிசன் கொடுப்பதும் ஊரறிந்த செய்தி. பணம் ஒருவருடையது, கண் மற்றொருவருடையது, வீடு எவருடையதோ என்ற நிலையில் ஆராய்ச்சிக்கு இடமேது? 'வெளிநாட்டு வீடு' என்றால் விலையும் ஒரு படி ஏறும் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

கடைக்காரரின் கொப்பியையும் நாம் மறத்தலாகாது. முன்பு கடன் கொப்பி என்பது ஒரு நம்பிக்கைப் பத்திரம். அறுவடைக்கும் மீன்பாட்டுக்கும் இடையே குடும்பங்களைத் தாங்கியது அதுவே. இன்று அதே கொப்பி அவரை அமிழ்த்துகிறது. தவணைக்குச் சரக்கெடுத்து, தவணைக்கு வட்டி கட்டி, தான் கொடுத்த கடனை மட்டும் திரும்பப் பெற இயலாதவர், மங்கிப்போன சரக்கையும் தள்ளிவிடவே முயல்வார். வாடிக்கையாளர் ஏமாற்றப்படும் கதையில், ஏமாற்றிய வாடிக்கையாளரும் ஓர் அத்தியாயம்.

விழாக் கடையின் அறம்

பருவகாலக் கடைகளின் நிலை சிறிது வேறு. சித்திரா பௌர்ணமியன்று முத்துமாரியம்மன் கோவில் மகோற்சவத்தை ஒட்டி நடக்கும் இந்திர விழாவுக்கு வீதியெங்கும் கடைகள் முளைக்கும். பிளாஸ்ரிக் பாத்திரமும், விளக்குச் சரமும், சுவர்க்கடிகாரமும், கால்மிதியும் வெளியூர் வியாபாரிகள் கொண்டுவந்து குவிப்பர். அடுத்த நாட் காலை வீதி வெறிதாகிவிடும். வாங்கிய சரவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போவது?

ஒரே ஊரில் நாளையும் கடை திறக்க வேண்டியவனுக்கு நேர்மை ஒரு முதலீடு. நாளை இல்லாத கடைக்கு அந்தக் கட்டாயமில்லை. இதனால் விழாக் கடைகள் யாவும் ஏமாற்றுக் கடைகள் என்று கூறுதல் பொருந்தாது. ஆண்டுதோறும் அதே மரத்தடியில் வந்தமர்ந்து, சென்ற ஆண்டு விற்ற பானை கசிந்ததென்றால் வேறு பானை கொடுத்துச் செல்லும் வியாபாரிகளையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இவ்வூரில் முகம் உண்டு. முகமற்ற வாணிகமே அச்சத்துக்குரியது.

இந்திர விழா என்றதும் நம் மாணவர்க்குக் காவிரிப்பூம்பட்டினம் நினைவுக்கு வரவேண்டும். சிலப்பதிகாரத்தில் அவ்விழாவுக்கென்றே ஒரு காதை உண்டு. அதே பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வணிகரைப் புகழும் இடத்தில், அவர்களுடைய செல்வத்தை மட்டும் பேசினாரில்லை. பெறுவதில் அளவுக்கு மிஞ்சாமையும் கொடுப்பதிற் குறையாமையும் அவர்தம் சிறப்பென்றார். வள்ளுவர் வாணிகத்தின் அறத்தைப் பொருள் தேடும் அதிகாரத்தில் வைக்காமல், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். தராசுக்கு இரு தட்டுண்டு என்பது இதன் உட்பொருள். விழாவின் பெயரைப் பாதுகாத்த நாம் அவ்விழாத் தெருவின் அறத்தையும் கேட்க உரிமையுடையோம்.

அளந்து பார்த்தால்

அறத்தைக் கேட்பதற்கு முன் அளவை அறிய வேண்டும். மணலை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மணல் 'கியூப்' கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஊரிலோ 'ஒரு லோட்' என்று பேசி முடிக்கிறோம். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள பெட்டியில் வருவது 75 கன அடி. அதாவது முக்கால் கியூப். இதனை அறிய ஒரு நாடாவும் ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் போதும். எத்தனை பேர் அளந்திருக்கிறோம்?

இதிலும் நுட்பமானது ஈரத்தின் கணக்கு. சற்றே நனைந்த மணல், உலர்ந்த மணலைக் காட்டிலும் அதிக இடத்தை அடைக்கும். மணிகளைச் சூழ்ந்த நீர்ப்படலம் அவற்றை ஒன்றையொன்று நெருங்க விடாமையே காரணம். நுண்மணலில் இப்பெருக்கம் நூற்றுக்கு 25 வீதத்தையும் தாண்டலாம். 25 வீதமென்றே கொண்டால், மழைக்காலத்தில் வாங்கிய 100 கன அடி ஈரமணலில் உண்மையில் இருப்பது 80 கன அடி மணலே. சோதிப்பது எளிது. நேரான பக்கங்களையுடைய பாத்திரமொன்றில் பத்து அங்குல உயரத்துக்கு ஈரமணலை நிரப்பி, அதை வெளியே கொட்டி, பாத்திரத்தில் அரைவாசிக்கு நீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் கலக்குங்கள். மணல் எட்டு அங்குலத்துக்கு இறங்கினால் பெருக்கம் 25 வீதம். இது விற்பவரின் வஞ்சகமன்று, இயற்கையின் செயல். ஆயினும் விலை பேசும்போது ஒருவர் அறிந்து மற்றவர் அறியாதிருப்பின் அங்கே நடுவுநிலை இல்லை.

கடலோர ஊருக்கு இன்னோர் அபாயமும் உண்டு. உப்பேறிய மணலைக் கழுவாமற் கொங்கிறீற்றிற் சேர்த்தால், உப்பிலுள்ள குளோரைட்டு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடங்கொள்ளும். அது உள்ளிருந்து தள்ளவே கொங்கிறீற்று வெடித்து விழும். என் தமக்கையாரின் கட்டிலில் விழுந்த துண்டின் பின்புறத்தில் செந்நிறத் துரு படிந்திருந்ததைப் பின்னர் கண்டேன். மேலே பூசிய பூச்சு நல்லதாக இருந்திருந்தாலும் உள்ளே இருந்த நோயை அது தீர்த்திராது. அந்தப் பிளாற்றுக்கு முன்னொருகால் மணல் வாங்கியவர்கள் நாங்களே.

சீமெந்தும் அத்தகையதே. கடற்காற்றின் ஈரத்தில் அது கட்டிபடும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சீமெந்தைச் சோதியாமற் பயன்படுத்தலாகாது என்பது பொறியியலாளர் கூறும் பொதுவிதி. பையில் உற்பத்தித் திகதி இருக்கும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் முத்திரையும் இருக்கும். சாதாரண போட்லன்ட் சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107; முறுக்குக் கம்பிக்கு எஸ்.எல்.எஸ். 375. ஏனைய வகைகளுக்கு வேறு எண்கள் உண்டு. பெயின்றைப் பொறுத்தமட்டில் பொங்கலின் அவசரமே பெரும் பகை. கார்த்திகை மார்கழி மழையை உறிஞ்சிய சுவர் தையில் உலர்ந்திராது. அதன்மேல் பூசியது சித்திரையில் உரியும்போது நாம் கடையைத் திட்டுகிறோம். பங்குனி வெயிலில் பூசினால் அதே தகரம் நற்பெயர் எடுக்கும்.

சட்டம் சொல்வது

நம் கையில் சட்டம் இல்லாமலில்லை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாங்குபவர் இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அப்பொருள் அத்தேவைக்கு ஓரளவு தக்கதாய் இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. ஆகவே கடையில், 'ஏதாவது பூச்சுத் தாரும்' என்பதற்கும், 'நீர் தேங்கும் பிளாற்றுக்குப் பூச்சுத் தாரும்' என்பதற்கும் பெரிய வேறுபாடுண்டு. தேவையை வாய்விட்டுச் சொல்வது உரிமையை நாட்டுவதாகும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இன்னும் நேரடியானது. வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். பழுதான பொருள்பற்றி அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ சபை கட்டளையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கம் இதற்கென்றே உள்ளது. ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் செய்தல் வேண்டும். நான் கடைக்கும் கொம்பனிக்குமாக அலைந்த நாட்களில் அந்த மூன்று மாதம் கழிந்துவிட்டது. சிட்டையும் இல்லை, காலமும் இல்லை. சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. நான் உரிய வேளையில் படியேறவில்லை.

'சிட்டை போட்டால் வரி கூடும்' என்ற பேச்சுக்கும் ஒரு முற்றுப்புள்ளி இடவேண்டும். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத வியாபாரி அவ்வரியை அறவிடவே முடியாது. பதிவு செய்தவர், சிட்டை கொடுத்தாலும் கொடாவிட்டாலும் விற்பனைக்கு வரி செலுத்தக் கடமைப்பட்டவர். ஆகவே சிட்டையைத் தவிர்ப்பதால் வாங்குபவருக்குக் கிடைக்கும் இலாபம் ஒன்றே: நாளை முறையிட முடியாமை.

நாம் செய்யக்கூடியவை

1844 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் இருபத்தெட்டுத் தொழிலாளர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தனர். கலப்படமில்லா மாவும், சரியான நிறையும், கைக்காசு வாணிகமும் அவர்களின் விதிகள். உலகக் கூட்டுறவு இயக்கத்தின் வித்து அதுவே. அந்த இயக்கம் வேரூன்றித் தழைத்த இடங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. நம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சீமெந்தையும் கம்பியையும் முத்திரையுடனும் சிட்டையுடனும் நேரிய அளவுடனும் விற்குமாயின், ஏனைய கடைகள் அதனோடு ஒப்பிடப்படும். அவ்வொப்பீடே பாதிச் சீர்திருத்தம்.

நகரசபை, விழாக் கடைக்கு இடம் வழங்கும்போது வியாபாரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கடையின் முகப்பில் தெரியும்படி வைக்கவேண்டும் என்று விதிக்கலாம். அடுத்த ஆண்டு அதே இடத்தை நற்பெயருடையோருக்கு முதலில் வழங்கலாம். முகமற்ற வாணிகத்துக்கு முகம் கொடுக்கும் வழி அது. வியாபாரிகளும் தம்முள் ஒரு சிறு இணக்கசபை வைத்துக்கொள்வராயின், வழக்கு மன்றம் செல்லாமலே பல பிணக்குகள் தீரும். கொடாக் கடன் பற்றிய அவர்களின் குறையும் அங்கேயே கேட்கப்படும்.

ஊரிலுள்ள சனசமூக நிலையங்களின் பத்திரிகை மேசையருகே ஒரு பதிவுக் கொப்பி வைக்கலாம். எவரையும் வசைபாடுவதற்கன்று, எந்தப் பூச்சு எத்தனை மாரிக்கு நின்றது, எந்த வகை ஓடு காற்றுக்குத் தாங்கியது என்று அனுபவத்தை எழுதுவதற்கு. கடற்கரையில் நூலைப்பற்றிப் பையன்கள் பேசும் பேச்சை மூத்தோர் எழுத்தில் செய்வது அவ்வளவே. பாடசாலையில், மணலின் ஈரப்பெருக்கத்தை அளப்பதும் பெட்டியின் கன அளவைக் கணிப்பதும் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் பொருந்திய பயிற்சிகள். ஒரு வகுப்பு மாணவர் அதைச் செய்து வீட்டில் சொன்னால், முப்பது வீட்டுக்கு அளவு தெரிந்துவிடும்.

என் பிளாற்றைச் சென்ற பங்குனியில் உடைத்துத் திருத்தினோம். மணலை அந்தக் கடைக்காரரிடமே வாங்கினேன். நாடாவை எடுத்துப் பெட்டியை அளந்தபோது அவர் முதலிற் சிரித்தார்; பின்னர் தாமே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சிட்டை கேட்டேன், எழுதித் தந்தார். பழைய தகரத்தின் பணத்தை அவர் தரவில்லை. நானும் அதைப்பற்றிப் பேசவில்லை. அடுத்த மாரியை நோக்கித் தமக்கையாரும் நானும் காத்திருக்கிறோம்.